ஈரம் அண்டாத அறை

விருத்தாசலம்,
ஐப்பசி 12

அன்புள்ள மாமாவுக்கு,

செல்வநாயகி எழுதுவது. இங்கே நானும், ஹாஸ்டலில் வேல்விழியும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நன்றாக இருப்பதாக எழுதினால் நான் நம்பப் போவதில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டு, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதை மட்டும் பதிலில் எழுதுங்கள்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் நாம் இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தைக்குச் சண்டை வந்துவிடுகிறது. நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் உங்களால் குறுக்கே பேச முடியாது. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் கிட்டார்கள் பதினொன்றும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன. சென்னையில் உங்கள் பக்கத்துக் கடைக்காரர் நம் ஊர்க்காரராக வாய்த்தது நம் நல்ல காலம். சூட்கேஸ் லோடு ஏற்றி வருகிற வேனில் கியாசுதீன் பாய் நம் பெட்டிகளுக்கும் இடம் விட்டிருந்தார். டிரைவர் ஒவ்வொரு பெட்டியாக இறக்கி வைத்துக்கொண்டே, “குப்புறப் போடக் கூடாதாம் அண்ணி, மேல எதையும் வெக்கக் கூடாதாம். உளுந்தூர்ப்பேட்ட வர்றதுக்குள்ள அண்ணன் மூணு வாட்டி போன் பண்ணிட்டாரு” என்று சிரித்தான். வேல்விழி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு நீங்கள் ஒரு தடவைதான் போன் பண்ணினீர்கள். சொல்லிக் காட்டவில்லை, ஞாபகம் வந்தது.

வீட்டில் வைக்க வழியில்லை, மாமா. இந்த மழைக்கு அடுக்களைச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஊறிக் கிடக்கிறது. மணிமுத்தாற்றில் தண்ணீர் போவது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பீரோவைத் திறந்தால் புடவை எல்லாம் பூசண வாடை. ஈரம் படக் கூடாது, பட்டால் மரம் ஊதிவிடும் என்று நீங்கள் போனில் படித்துப் படித்துச் சொன்னீர்கள். அதனால் இனியவன் தம்பியிடம் கேட்டு, நான் வேலை பார்க்கிற செராமிக் யூனிட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவருடைய அப்பா காலமான பிறகு யூனிட் முழுக்க அவர் பொறுப்புதான். கேட்டதும் சரி என்றார், நல்ல பிள்ளை. மழை எப்படிக் கொட்டினாலும் ஒரு பொட்டு ஈரம் அண்டாத அறை அங்கே ஒன்று இருக்கிறது. சாவி என் இடுப்பில். கல்யாணமான வருஷத்திலிருந்து களிமண்ணின் ஈரத்தோடு மல்லுக்கட்டுகிறவள் நான், எது எங்கே காயும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கவலையை விடுங்கள்.

இனி நீங்கள் மடித்து வைக்கப் போகிற பகுதி.

கோடை லீவில் வேல்விழியோடு நான் சென்னைக்கு வந்தபோது கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன் அல்லவா. கல்யாணமான புதிதில் நான் பார்த்த தெரு அது இல்லை. அப்போது அந்த வரிசையில் ஆறேழு கிட்டார் கடை இருந்தது. சாயங்காலம் ஆனால் எல்லாக் கடையிலிருந்தும் யாராவது எதையாவது மீட்டிக்கொண்டே இருப்பார்கள், பேசினால் காதில் விழாது. இப்போது ஒன்று செல்போன் கவர் கடை, ஒன்று பரோட்டா கடை. மூலைக்கடைக்காரரின் மகன் எங்கேயோ குடோன் பிடித்து, கடையே இல்லாமல் போனிலேயே விற்கிறான் என்று நீங்களே சொன்னீர்கள். மிச்சம் இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

அன்றைக்கு ஒரு காலேஜ் பையன் வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்று மாற்றி ஒன்றாக நாலு கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்தான். நீங்களும் சலிக்காமல் எடுத்துக் கொடுத்தீர்கள். கடைசியில் ஒன்று பிடித்துப்போய், உள்ளே ஒட்டியிருந்த லேபிளைப் போட்டோ எடுத்து, “ஆன்லைன்ல இதவிடக் கம்மியா இருக்குதுண்ணா” என்று உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனான். நீங்கள் “சரி தம்பி” என்றீர்கள். நாங்கள் ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு அதே பையன் அதே கிட்டாரோடு வந்து நின்றான். போனில் வாங்கியது. கம்பி ஏகத்துக்கு உயரமாக இருந்ததாம், விரல் வைத்து அழுத்த முடியவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி, மடியில் கிடத்தி, இறக்கி, டியூன் பண்ணிக் கொடுத்து அனுப்பினீர்கள். பைசா வாங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, உள்ளே வந்த கிட்டார் டியூன் இல்லாமல் படி இறங்கக் கூடாது, அது கடை வழக்கம் என்றீர்கள். கடையே போகப் போகிறது, வழக்கத்தை வைத்து என்ன செய்ய என்று நான் கேட்டதற்குத்தான் பஸ் ஏறுகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை.

இப்போது உங்கள் கடை இருக்கிற கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மட்டமானதை எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, நல்லது பதினொன்றை மட்டும் என்னிடம் அனுப்பிவிட்டீர்கள். கோடம்பாக்கத்துப் பக்கம் சின்னதாக ஓர் இடம் பேசியிருப்பதாகவும், தை பிறந்ததும் இந்தப் பதினொன்றை வைத்துத் திரும்பத் தொடங்கிவிடலாம் என்றும் சொல்கிறீர்கள். இத்தனை வருஷமாகத் தகுந்த ஆள் வரட்டும் என்று விற்காமல் வைத்திருந்தவை, இவை இருக்கிற வரைக்கும் கடை இருக்கிறது என்கிறீர்கள்.

போதும் மாமா. வந்துவிடுங்கள். கல்யாணமான நாளிலிருந்து மாதத்துக்கு இரண்டு நாள் புருஷனோடு குடும்பம் நடத்துகிறேன். வேல்விழி சிதம்பரம் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் சுவரோடுதான் பேச்சு. யூனிட்டில் பேக்கிங் செக்ஷனுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று இனியவன் தம்பி சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு வேளையாவது நாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசையா?

மழையில் நனையாதீர்கள். கியாசுதீன் பாயையும் நனைய வைக்காதீர்கள்.

உங்கள்,
செல்வநாயகி


விருத்தாசலம்,
கார்த்திகை 18

அன்புள்ள மாமாவுக்கு,

கடையைக் காலி செய்த பிறகு நீங்கள் பாய் கடைப் பரணில் படுத்துக்கொள்வதாக பாய் சம்சாரம் ஆரிஃபா சொன்னாள். அதனால் பாய் கடை விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். பாயிடமும் போனில் சொல்லியிருக்கிறேன், நீங்கள் இதைப் படிக்கும்போது பக்கத்திலேயே இருக்கச் சொல்லி. காரணம் கேட்டார். கடிதம் வந்தால் தெரியும் என்றேன்.

சுற்றி வளைக்கவில்லை. கிட்டார்கள் வெடித்துவிட்டன, மாமா.

போன வாரமே பச்சமுத்து அண்ணன் சொன்னார். நம் யூனிட்டில் சூளை பார்க்கிறவர் அவர்தான், ராப்பகல் அங்கேயே இருக்கிறவர். “உள்ளார என்னமோ டொய்ங்குங்குது செல்வநாயகி, ஒம் பொட்டிதான் போலக்குது” என்றார். நான் சிரித்தேன். அதுங்க ஓனரும் அப்படித்தான், யாரும் இல்லாதபோதுதான் வாய் திறப்பார் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கே திறந்து பார்த்திருந்தால் இரண்டு மூன்றாவது தப்பியிருக்கும்.

நேற்றுதான் திறந்தேன். தை மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை துடைத்து வைக்கலாம் என்று துணியோடு போனேன். முதல் பெட்டியில் இருந்த கிட்டாரின் முன்பலகை, கம்பி மாட்டுகிற கட்டையிலிருந்து அடிவரைக்கும் பிளந்திருந்தது. ஒரு ஐந்து ரூபாய்க் காசை உள்ளே போடலாம், அவ்வளவு இடைவெளி. அடுத்ததில் அந்தக் கட்டையே பிய்ந்து, கம்பிகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. பச்சமுத்து அண்ணனுக்குக் கேட்டது அதுதான் போலிருக்கிறது. இன்னொன்றின் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். மரம் சுருங்கிப்போய் ஓரத்துக் கம்பித் துண்டுகள் துருத்திக்கொண்டு, விரலைக் கிழித்துவிட்டது. ஒன்பது போய்விட்டன. ஒட்டுப்பலகையில் செய்தது என்று நீங்கள் அரை மனதாகச் சேர்த்து அனுப்பினீர்களே இரண்டு, அவற்றுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஒரே பலகையில் செய்த நல்ல கிட்டார்கள்தான் அத்தனையும் பிளந்து கிடக்கின்றன.

எங்கே வைத்தேன் என்று கேட்பீர்கள். போன கடிதத்தில் ஈரம் அண்டாத அறை என்று மட்டும் எழுதினேன். நீங்களும் போனில், “நல்ல வேல பண்ண” என்றீர்கள். என்னை நீங்கள் பாராட்டினது எப்போதோ, அதனால் அந்த வார்த்தையை நான் இரண்டு மூன்று நாள் வைத்துக்கொண்டிருந்தேன். அது சூளையை ஒட்டின அறை, மாமா. சூளைச் சூட்டைக் குழாய் வழியாக அதற்குள் திருப்பி விடுவார்கள். அச்சில் வார்த்த, இன்னும் சுடாத பச்சைக் கப்பும் ஃப்யூஸ் கட்டையும் அங்கேதான் காயும். உள்ளே போனால் நமக்கே நாக்கு வறளும்.

களிமண்ணை அவசரமாகக் காய வைத்தால் வெடிக்கும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் முதலில் நிழலில் வைத்து, பிறகு அந்த அறைக்குள் ஏற்றுவோம். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மண் வெடிப்பது அதற்குள் தண்ணீர் இருப்பதால். உங்கள் கிட்டாரோ என்றைக்கோ வெட்டி, என்றைக்கோ காய்ந்து, இழைத்து, பாலிஷ் போட்ட மரம். காய்ந்து முடிந்ததை இன்னும் எப்படிக் காய வைக்க முடியும்? இப்படித்தான் நான் யோசித்தேன். பச்சமுத்து அண்ணனும் இப்படித்தான் யோசித்தார். இனியவன் தம்பி செராமிக்கே படித்தவர், அவரும் தலையாட்டினார். இந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அந்த அறையைத்தான் காட்டியிருப்பார்கள். ஈரம் ஆகாது என்று சொன்னீர்களே தவிர, ஈரமே இல்லாமலும் ஆகாது என்று நீங்கள் சொல்லவில்லை. காய்ந்த மரமும் காற்றிலிருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் குடித்துக்கொண்டுதான் இருக்குமாம், நேற்று வேல்விழி போனில் தேடிப் படித்துச் சொன்னாள். இனிமேல் தெரிந்து யாருக்கு லாபம்?

உங்கள் மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்தால் அப்படித்தான் இருக்கிறது, ஆனாலும் அடிக்கவில்லை. என் மனது ஓடுகிற ஓட்டம் உங்களுக்குத் தெரியட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. முதல் பெட்டியைத் திறந்து அந்தப் பிளவைப் பார்த்தபோது, எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. சந்தோஷம். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது. அப்பாடா, இனிமேல் வந்துதானே ஆக வேண்டும் என்று எனக்குள்ளே ஒருத்தி சொன்னாள். அடுத்த பெட்டியின் கொக்கியைக் கழற்றும்போதே அவளைக் காணவில்லை. எல்லாப் பெட்டியையும் திறந்து முடித்த பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பச்சமுத்து அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “சூடு தாங்காம மயக்கம் வந்துடும், வெளிய வா தாயி” என்று கூப்பிட்டார். சூட்டினால் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இரண்டு தடவை போன் போட்டேன். நீங்கள் “சொல்லு” என்றதும் தைரியம் போய், இங்கே மழை விட்டுவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நான் ஆசைப்பட்டதும் நடந்ததும் ஒன்றாகப் போய்விட்டது. இனி நான் எதைச் சொன்னாலும் நீங்கள் எப்படி நம்புவீர்கள்? என்னாலேயே முழுசாக நம்ப முடியவில்லை.

வந்து பாருங்கள். ஒட்ட முடிந்தது ஒன்றிரண்டாவது இருக்கும், உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். என்னைத் திட்ட வேண்டுமானாலும் இங்கே வந்து, நேரில் திட்டுங்கள். அங்கே அந்தப் பரணில் தனியாகப் படுத்துக்கொண்டு எதையும் யோசிக்காதீர்கள். பாய் சாப்பிடக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிடுங்கள்.

கொளஞ்சியப்பர் சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். என்ன வேண்டினேன் என்று கேட்காதீர்கள்.

உங்கள்,
செல்வநாயகி


விருத்தாசலம்,
மாசி 6

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு தேவைப்படவில்லை. நீங்கள் உள் அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நான் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, நீங்கள் எழுவதற்குள் நான் வேலைக்குப் போய்விடுவேன். நேரில் சொல்லலாம்தான். சொன்னால் “சரி” என்பீர்கள். நீங்கள் வந்ததிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அந்த ஒரு வார்த்தைதான் பதில்.

நான் எழுதின கடிதத்தைப் படித்த மறுநாளே வந்து நின்றீர்கள். எப்படியெல்லாம் திட்டுவீர்கள், நான் எப்படி அழுவேன் என்று எல்லாம் நினைத்து வைத்திருந்தேன். நீங்கள் பதினொரு பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திறந்தீர்கள். ஒவ்வொன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கொக்கியை மாட்டினீர்கள். எதையும் தொடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “சோறு இருக்குதா” என்று கேட்டீர்கள். நீங்கள் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

கோடம்பாக்கத்து இடம் வேண்டாம் என்று நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிட்டீர்கள். தை பிறந்து, போயும் விட்டது. பேக்கிங் செக்ஷனில் சேர்ந்துகொள்கிறீர்களா என்று இனியவன் தம்பி கேட்டார். சரி என்றீர்கள். காலையில் என்னோடு வருகிறீர்கள், சாயங்காலம் என்னோடு திரும்புகிறீர்கள். வைத்ததைச் சாப்பிடுகிறீர்கள். உப்பு இல்லாமல் ஒரு நாள் வேண்டுமென்றே குழம்பு வைத்தேன். அதையும் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தீர்கள். தெருவில் எல்லாரும், “செல்வநாயகிக்கு இப்பத்தான் நல்ல காலம், வூட்டுக்காரரு ஊரோட வந்துட்டாங்க” என்கிறார்கள். பொங்கலுக்கு வந்த வேல்விழி மட்டும் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது, “அப்பா ஏம்மா இப்பிடி இருக்காரு” என்று கேட்டு அழுதாள். வேலைக் களைப்பு என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன்.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், போன திங்கட்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு இனியவன் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாண்டிச்சேரிக்குப் போன டீ கப் லோடில் பாதிக்குப் பாதி விரிசல் என்று அங்கிருந்து திட்டித் தீர்த்திருக்கிறார்கள். கப்பைக் கட்டுவதற்கு முன்னால் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். நல்ல கப் கணீரென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் விழும். சேர்ந்த அன்றைக்கே யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுகிற வேலை. உங்களை அந்த இடத்தில் போட்டதே உங்கள் காதுக்காக. “அண்ணன் கிட்ட நான் எப்பிடிக்கா கேக்கறது, நீங்களே பாருங்க” என்றார் பாவம், குற்றம் செய்தவர் அவர் மாதிரி.

நான் வந்து அடுக்குக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீங்கள் கப்பை எடுத்தீர்கள், பேப்பர் சுற்றினீர்கள், பெட்டியில் வைத்தீர்கள். அடுத்ததை எடுத்தீர்கள். ஒன்றைக்கூடத் தட்டவில்லை. நான் முன்னால் வந்து, உங்கள் கையிலிருந்த கப்பை வாங்கித் தட்டினேன். செத்த சத்தம். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இது உங்களுக்குக் கேட்கவில்லையா என்று கேட்டேன். நீங்கள் என்னைப் பார்த்து நிதானமாக, “கேக்குது. அதுக்கென்ன” என்றீர்கள். கப்பை என் கையிலிருந்து வாங்கி, பேப்பர் சுற்றி, பெட்டியில் வைத்தீர்கள்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, மாமா. கடை முன்னால் தோளில் கிட்டாரை மாட்டிக்கொண்டு நடந்து போகிறவனை, விரல் பட்டு எழுந்த ஒரு சின்னச் சத்தத்தை வைத்தே, “தம்பி, மூணாவது கம்பி எறங்கியிருக்குது, உள்ள வா” என்று கூப்பிட்டு நிறுத்துகிற ஆள் நீங்கள். அவன் யார், எங்கே வாங்கினான் என்றுகூடக் கேட்க மாட்டீர்கள். இத்தனை வருஷமும் வீட்டுக்கு வாருங்கள், வாருங்கள் என்று நான் கேட்டேன். நான் கேட்டது இந்த ஆளை இல்லை.

ஆரிஃபா நேற்று வந்து ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனாள். பாய் கடையில் மாடிப் படிக்கு அடியில் சூட்கேஸ் அட்டைகள் அடைத்து வைத்திருக்கிற இடத்தைப் பாய் ஒழித்து வைத்திருக்கிறாராம். காலேஜ் பிள்ளைகள் போனில் வாங்கின கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, இடித்துப் போட்ட கடைக்கு முன்னால் நின்று விழிக்கிறார்களாம். இங்கே டியூன் பண்ணிக் கொடுக்கிற அண்ணன் எங்கே போனார் என்று பாயிடம் கேட்கிறார்களாம். பாய்க்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறதாம்.

உங்களுக்குப் பொய் ஆசை காட்ட மாட்டேன். அது கடை இல்லை. போர்டு கிடையாது, கண்ணாடி கிடையாது, விற்பதற்குச் சுவரில் ஒன்று தொங்காது. எவனோ விற்றதை, எவனோ வாங்கினதை, நீங்கள் குனிந்து உட்கார்ந்து சரி பண்ணிக் கொடுக்க வேண்டும். நான் கடைக்காரன், ரிப்பேர்க்காரன் இல்லை என்று நீங்கள் எத்தனையோ பேரிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்தத் தெருவில் இனிமேல் கிட்டார் கடை வராது. வேறு எந்தத் தெருவிலும் உங்களுக்கென்று ஒன்று வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. வந்தால் படிக்கு அடியில் அந்த ஒரு மூலைதான்.

ஆனாலும் போங்கள். பிளந்ததும் பிளக்காததுமாகப் பதினொன்றையும் நேற்றுச் சாயங்காலம் நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது பாய் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்டுச் செய்யவில்லை, கேட்டால் சரி என்பீர்கள் என்பதால். டிரைவரிடம் எதையும் குப்புறப் போடாதே என்று நானும் சொன்னேன். எழும்பூருக்குக் காலை வண்டியில் டிக்கெட் எடுத்து உங்கள் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பையில் நாலு வேட்டி சட்டை இருக்கிறது. டப்பாவில் புளிச்சோறும் அப்பளமும் இருக்கிறது, உப்பு சரியாகப் போட்டிருக்கிறேன்.

மாசி மகத்துக்குக் கொடியேறிவிட்டது. ஊர் முழுக்க வெளியூர் ஜனம் வரப் போகிறது, எல்லார் வீட்டிலும் ஆள் இருப்பார்கள். நான் சமாளித்துக்கொள்வேன். பழமலைநாதர் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

சாயங்காலம் வேலை விட்டு வரும்போது நீங்கள் வீட்டில் இருந்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், மாமா. எனக்கு என்னைத் தெரியும். கை கால் கழுவிவிட்டு வந்து உங்களுக்கு டீ போடுவேன், இப்படி ஒரு கடிதம் எழுதினதையே மறந்துவிடுவேன். அதனால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், நான் வரும்போது வீட்டில் இருக்காதீர்கள்.

உங்கள்,
செல்வநாயகி